பீரோவில் ஒட்டிய காது

"சின்ன வெங்காயம். அம்மா சின்ன வெங்காயம் உரிக்கறேன். இது தோலு. தோலை உரிச்சாச்சு. கீழ போட்டாச்சு. இன்னொரு வெங்காயம் எடுக்கறேன் பாரு." இதையெல்லாம் என் வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது. காலை ஆறரைக்குத் திறந்த வாய், இன்னும் மூடவில்லை. கடிகாரத்தில் பத்து ஐம்பது. மிருதுளா எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தோல்களைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறாள். அவை நிற்கமாட்டேன் என்கின்றன, அவளும் விடமாட்டேன் என்கிறாள். மூன்றரை வயது. வலது காதுக்குப் பின்னால் அவரை விதை மாதிரி வளைந்த மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் சட்டைப் பட்டனைவிடப் பெரிய ஒரு வட்டம். வட்டத்துக்குள் காந்தம். தலைத்தோலுக்கு அடியில், எலும்பைச் சுரண்டிப் பள்ளம் செய்து வைத்த இன்னொரு காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. நான் பேசுவது மெஷினில் விழுந்து, வயரில் ஓடி, வட்டத்தைத் தாண்டி அவள் மூளைக்குப் போகிறது என்று ஷெரின் மிஸ் படம் போட்டுக் காட்டினார். கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ். "நீங்க பேசினாத்தான் மேகலா அவ கேப்பா, கேட்டாத்தான் பேசுவா. சமைக்கறப்ப, துவைக்கறப்ப, குளிக்க வைக்கறப்ப, என்ன செய்றீங்களோ அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. முழிச்சிருக்கற நேரம் பூரா மெஷின் தலையில இருக்கணும்." பூரா என்பதை மிஸ் நீட்டிச் சொன்னார். நீட்டாமல் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. "வெங்காயம் பாரு சாமி, மேல ஊதா, உள்ள வெள்ளை." ஊதா என்று சொல்லும்போது உதட்டைக் குவித்தேன். அவள் உதட்டைப் பார்க்கவில்லை, தோலைப் பார்க்கிறாள். பார்க்காமல் கேட்டால்தான் நல்லது, அதுவும் மிஸ் சொன்னதுதான். இன்றைக்குச் செவ்வாய். நாளைக்குப் புதன். நாளைக்கு ஓராண்டுப் பரிசோதனை.

நாளைக்கு அவள் தலையிலிருந்து மெஷினைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். அதில் எல்லாம் தெரிந்துவிடும் என்பது போன வாரம் வரைக்கும் எனக்குத் தெரியாது. மிஸ்ஸிடம் பயிற்சிக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வரும் வளர்மதி அக்காதான் பஸ்ஸில் சொன்னாள். அவள் பையனுக்கும் இதே மெஷின், அவனுக்கு ஆறு மாதம் முந்தியே வைத்துவிட்டார்கள். "ஏங்கண்ணு, உனக்குத் தெரியாதா? அந்த மெஷினுக்குள்ளயே எல்லாம் பதிவாகுதாமா. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருந்தாங்க, எத்தனை தடவை கழட்டுனாங்க, சுத்தி இருக்கறவங்க பேசுனாங்களா, சும்மா இருந்தாங்களா, அத்தனையும் கோடு கோடா வருது. என்ற பையனோடதுல ரெண்டு நாள் ஊருக்குப் போனப்ப கழட்டி வச்சதைக் கண்டுபிடிச்சுட்டாங்க போ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் மிருதுளாவின் வட்டம் பஸ் கம்பியில் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. இரும்பு எங்கே கண்டாலும் அதற்கு ஒட்ட வேண்டும். கேட், ஜன்னல் கம்பி, சேலையில் குத்திய ஊக்கு, ஒருமுறை நடத்துநரின் விசில்கூட. அதைப் பிரித்தெடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு எங்கள் ஊர் அவிநாசி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பதிவாகிறது. நான் எத்தனை தடவை கழற்றினேன் என்பது பதிவாகியிருக்கிறது. எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை போக, இவர் வீட்டில் இருக்கும் நாள் போக, தினமும் பதினோரு மணிக்கு அரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்தே கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட நூறு மணி நேரம் வந்தது. நூறு மணி நேரத்தில் ஒரு குழந்தை எத்தனை வார்த்தை கேட்கும்? அதில் ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருக்கலாமே? ஒரு வருஷமாக ஒரு வார்த்தை வரவில்லை. கத்துகிறாள், முனகுகிறாள், சிரிக்கிறாள். வார்த்தை இல்லை. வளர்மதி அக்காவின் பையன் "பச்சு" என்று பஸ்ஸைக் காட்டினான். நான் அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தேன். இன்னொருத்தி குழந்தை பேசினால் எரிகிற வயிறு என்ன வயிறு.

"தோலு பறக்குது! உஃப்! பறந்து போயிருச்சு!" என்கிறேன். வாயில்லாப் பூச்சி என்று எனக்குப் பேர். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் மழை வரும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது கையைத் தூக்குவேன், உள்ளேன் என்று சொல்லமாட்டேன். பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதுதான் எனக்கென்றே செய்து வைத்த வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே துணியை விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்க வேண்டும். பக்கத்திலே வரிசையாக ஓவர்லாக் தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்கும், யாரும் யாரிடமும் பேச முடியாது, பேசவும் வேண்டாம். அந்த இரைச்சலுக்கு நடுவே நான் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம் நின்றேன். மிருதுளா வயிற்றில் ஏழு மாதம் ஆகும்வரை நின்றேன். அந்த இரைச்சல்தான் அவள் காதைத் தின்றுவிட்டதா என்று கேட்டதற்கு டாக்டர் இல்லை என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். ஆமாம், அத்தை பையன். லோகநாதன். மாமா என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிறேன், கல்யாணம் ஆகியும் அதையேதான் கூப்பிடுகிறேன். அன்றைக்கு டாக்டர் முன்னால் அந்த வார்த்தையே எனக்குக் கூசியது. ஆனால் அதெல்லாம்கூட எனக்கு அவ்வளவு குத்தவில்லை. குத்துவது வேறு. பிறந்த முதல் வருஷம் மிருதுளா எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிடமாட்டாள். சமையலறையில் அண்டா மூடி விழுந்து உருண்டு ஓடினாலும் தூங்குவாள். இவருடைய அக்கா, எங்கள் நங்கையா, வந்து பார்த்துவிட்டு, "என்ன சமத்துப் புள்ளைடி, அப்படியே உன்னையாட்ட அமைதி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைப்போலவே ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பேன், தாலாட்டுகூடக் கிடையாது, இரண்டு பேரும் வாயே திறக்காமல் ஒரு மதியம் முழுக்க இருப்போம். உலகத்திலேயே என்னைப் பேசச் சொல்லாத ஒரே ஆள் என்று அவளைக் கொஞ்சினேன். பதினான்கு மாதம் அப்படிக் கொஞ்சினேன். செவிட்டுக் குழந்தையை வைத்துக்கொண்டு என்னைப்போல அமைதி என்று கொஞ்சியவள் நான்.

மெஷினை முதன்முதல் ஆன் செய்த நாள் அவள் அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மற்ற அம்மாக்கள் சொல்லியிருந்தார்கள், குழந்தை சிரிக்கும், திரும்பிப் பார்க்கும் என்று. இவள் பயந்துபோய் என் ரவிக்கையைக் கிழித்தாள். அப்புறம் பத்து நாள் கழித்து ஒரு காலை. பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் சேர் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. தட்டில் இட்லி இருந்தது. மிருதுளா மெல்லுவதை நிறுத்தினாள். விரலைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்து, காதைத் தொட்டபடியே வாசலைக் காட்டினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஒரு கையில் சாம்பார் கரண்டி. அந்த ஆட்டோக்காரர் என்னம்மா போடறீங்க என்று வண்டியை நிறுத்திவிட்டார். போட எங்களிடம் ஒன்றுமில்லை. நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் பாவம், பயந்துபோய் ஒலிபெருக்கியை நிறுத்தப் போனார், நிறுத்தாதீங்க அண்ணா, நிறுத்தாதீங்க என்றேன். அந்தக் குரல் எனக்கு இப்போதும் தேவகானம்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். தினமும் காலையில் எழுந்ததும் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மிஸ் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் ஒரு பட்டனைக் காதோரம் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பட்டன்கள் நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தவை, ஒரு நெய் டப்பா நிறைய இருக்கின்றன. நான் வாயை மறைத்துக்கொண்டு ஆறு சத்தம் சொல்ல வேண்டும். ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ். சத்தம் கேட்டதும் அவள் பட்டனை டப்பாவில் போட வேண்டும். கையால் மறைத்தால் சத்தம் கெட்டுவிடும் என்று, பூவேலை செய்கிற மரவளையத்தில் வெள்ளைப் பனியன் துணியை இழுத்துக் கட்டி நானே ஒன்று செய்துகொண்டேன். அதை முகத்துக்கு முன்னால் பிடித்தால் என் உதடு அவளுக்குத் தெரியாது. ஆ சொன்னால் பட்டன் விழும். ஊ, ஈ, ம், விழும். ஸ் சொன்னால் சில நாள் விழும். ஷ் சொன்னால் விழாது. ஒரு வருஷமாக ஷ் விழவேயில்லை. பட்டனைக் காதோரம் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்று காலையும் அப்படித்தான். மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை சொல்லும்போது வளையத்துக்குப் பின்னால் என் உதடு நடுங்கியது. நல்ல வேளை, துணி இருந்தது.

மணி பதினொன்று. இன்றைக்குக் கழற்றமாட்டேன். காலையிலேயே முடிவு செய்ததுதான். நாளைக்கே கோடு கோடாக வரப்போகிறது, இன்றைக்கும் ஒரு கோடு எதற்கு? வெங்காயம் தீர்ந்துவிட்டது. "வெங்காயம் தீந்து போச்சு. அம்மா கை கழுவறேன். தண்ணி, தண்ணி வருது, சளசள சளசள." குரல் கம்முகிறது. தொண்டைக்குள் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார்கள். "சோப்பு போட்டாச்சு. நுரை." நுரைக்கு அப்புறம் என்ன சொல்வது? என்ன சொல்வது என்று தேடும்போதே தலைக்குள் ஒரு பெரிய வெறுமை, அதற்குள் நின்றுகொண்டு நுரை, நுரை, நுரை என்கிறேன். இப்படித்தான் முதல் நாளும் ஆனது. நான்காவது மாதம், ஒரு திங்கள்கிழமை, துணி மடித்துக்கொண்டே அப்பா சட்டை, அம்மா பாவாடை, பாப்பா கவுன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று அடுத்த துணிக்குப் பேர் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கையில் இருந்தது துண்டு. துண்டு என்ற வார்த்தை வரவில்லை. என் வாய்க்குள் இருந்த வார்த்தைகளையெல்லாம் கரண்டி போட்டு வழித்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அவள் தலையிலிருந்த வட்டத்தை எடுத்தேன், காதிலிருந்து மெஷினைக் கழற்றினேன், பக்கத்திலிருந்த ஸ்டீல் பீரோவின் கதவில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. வயரில் மெஷின் தொங்கியது. தலையில் ஒட்டாமல் இருந்தால் அதில் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு மின்னிக்கொண்டேயிருக்கும். அது மின்னியது, நான் வாயை மூடினேன். அன்று அரை மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தேன். திருட்டுச் சுகம் என்பார்களே, அது அதுதான். இன்று கழற்றமாட்டேன். துண்டில் கை துடைக்கிறேன், "துண்டு, துண்டு" என்கிறேன், வந்துவிட்டது வார்த்தை, பார்த்தாயா, சமாளித்துவிட்டேன். மிருதுளா அண்ணாந்து பார்க்கிறாள். பதினோரு மணி அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. தானே பீரோவைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு என்னை. கழற்றிவிட்டேன். டக். விளக்கு மின்னுகிறது. இனிப் பீரோ கேட்கட்டும்.

பாயை விரித்துப் படுத்தேன். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டேன். எவ்வளவு இதமாக இருக்கிறது. தூரத்தில் ஏதோ ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள், அவ்வளவுதான். மிருதுளா வந்து என் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். உள்ளங்கையை என் தொண்டைக்குழியில் வைத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வருஷம் அவள் அப்படித்தான் என்னைக் கேட்டாள். நான் முனகினால் அவள் கைக்குத் தெரியும், தெரிந்ததும் சிரிப்பாள். இப்போதும் முனகுகிறேன். சிரிக்கிறாள். இந்த அரை மணி நேரத்தில் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டு விரலைக் கன்னத்தில் தட்டினால் பால். புருவத்தை ஒரு பக்கம் தூக்கினால் அப்பா. மூக்கைச் சுளித்தால் எதிர்வீட்டு நாய். அவளாகக் கண்டுபிடித்தவை பாதி, நான் கண்டுபிடித்தவை பாதி. மிஸ்ஸுக்கு இது ஆகாது. "கை காட்டாதீங்க மேகலா, கை காட்டினா அவ கேக்கறதுக்கு மெனக்கெட மாட்டா." மிஸ் சொல்வது சரிதான், மிஸ் படித்தவர், மிஸ் எத்தனை குழந்தைகளைப் பேச வைத்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் பாலுக்குப் பால் என்றே சொல்கிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்கிறேன். ஆனால் மெஷின் தலையில் இருக்கும்போது மிருதுளா என் தொண்டையைத் தொடுவதேயில்லை. அந்த மெஷின்மேல் எனக்குப் பொறாமை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இவரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் சொன்னேன். "மாமா, தெனம் பேசிப் பேசி ஒரு மாதிரி ஆயிருதுங்க" என்றேன். "பேசறதுல என்ன புள்ள கஷ்டம், ஊருல பொம்பளைங்க சும்மாவே பேசறாங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி அவரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பு, பேண்ட், சாப்பாடு என்று பத்து நிமிஷம் சொன்னார். பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிட்டது அவருக்கு. அதற்குமேல் நான் என்ன சொல்வது.

கண்ணை மூடிக்கொண்டேன். "மிருது" என்றேன், சத்தமாகவே. கேட்காது, அதனால் சொல்லலாம். "நாளைக்கு நான் மாட்டிக்குவேன் சாமி. நீ பேசாததுக்கு நான்தான் காரணம்னு கோடு போட்டுக் காட்டப் போறாங்க." பீரோ கேட்டுக்கொண்டிருக்கிறது. இதுவும் பதிவாகுமோ? வார்த்தை பதிவாகாது, சத்தம் இருந்ததா இல்லையா என்பதுதான் என்றாள் வளர்மதி அக்கா. என்ன சொல்லித் தப்பிப்பது? பேட்டரி சார்ஜ் போட்டேன் என்று சொல்லலாம். தினமும் பதினோரு மணிக்கா? தலையில் வேர்க்குரு என்று சொல்லலாம். எட்டு மாதமா? தூங்கினாள் என்று சொல்லலாம், அதுதான் சரி, பதினோரு மணிக்குத் தூங்குவாள் மிஸ், தூங்கும்போது கழற்றச் சொன்னீங்களே மிஸ். நம்பிவிடுவார். நம்பி, அப்படியானால் குழந்தை ஏன் பேசவில்லை என்று வேறு காரணம் தேடுவார். அவள் மூளையில் தேடுவார், நரம்பில் தேடுவார், இன்னொரு டாக்டரிடம் அனுப்புவார், இன்னும் ஊசி, இன்னும் மயக்க மருந்து, அந்தச் சின்ன தலையில் இன்னும் வயர் ஒட்டுவார்கள். நான் வாயைத் திறந்து ஒரு உண்மை சொல்லாததால். அப்படிச் சொல்லவும் முடியாது. உண்மையைச் சொன்னால்? நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று மிஸ் கேட்கமாட்டார், கேட்காமல் நோட்டில் எழுதுவார், அதுதான் தாங்காது. அரசாங்கக் காப்பீட்டில் கிடைத்த ஆபரேஷன். இந்த மெஷினுக்காக எத்தனை குழந்தைகள் வரிசையில் நிற்கின்றன. கிடைத்த ஒருத்தி அதைப் பீரோவில் ஒட்டிவைத்துவிட்டுப் படுத்துக் கிடக்கிறாள். நான் செத்துப்போனால் இவளுக்கு யார் பட்டன் விளையாட்டு வைப்பார்கள்? ஏன் இப்போது செத்துப்போவதைப் பற்றி நினைக்கிறேன். கல்யாணம் ஆகி ஒரு வீட்டுக்குப் போவாள், ராத்திரி மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவாள், அவள் குழந்தை அழுதால் கேட்காது. அழுதழுது அது நீலம் பாரிக்கும். இதோ, பிறக்காத குழந்தைக்கும் சேர்த்து அழுகிறேன். வெங்காயக் கை, கண்ணைத் துடைத்தால் இன்னும் எரிகிறது. "நான் பேசப் பொறந்தவ இல்லடி" என்றேன். "உனக்குப் போய் நான் வாய்ச்சேன் பாரு. வாயாடி எவளாவது உனக்கு அம்மாவா வந்திருந்தா இந்நேரம் நீ கதை சொல்லியிருப்ப." மார்பின்மேல் இருந்த பாரம் இறங்கியது. மிருதுளா எழுந்து போய்விட்டாள். போகட்டும். தோல் அடுக்கப் போயிருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம். மிஸ்ஸிடம் தூங்கினாள் என்றே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் ஸ்டூல் இழுபடும் சத்தம். கண்ணைத் திறக்கவில்லை.

காதில் ஏதோ குறுகுறுத்தது. என் காதுமடலை யாரோ முன்னுக்கு இழுத்து, பின்னால் எதையோ செருகுகிறார்கள். கண்ணைத் திறந்தால் மிருதுளா, என் தலைமாட்டில் முழங்கால் போட்டு நிற்கிறாள். பீரோக் கதவு காலி, அதன் கீழே ஸ்டூல். மெஷினை என் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்குச் செய்கிற மாதிரியே முடியை ஒதுக்குகிறாள், வட்டத்தை என் தலையில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துகிறாள், கையை எடுக்கிறாள். விழுந்துவிட்டது. என் தலைக்குள்ளே காந்தம் இல்லையே. மறுபடி வைத்தாள், விழுந்தது. கொஞ்சம் மேலே வைத்தாள். விழுந்தது. முகத்தில் சலிப்பே இல்லை, அடம்பிடிக்கும் அவள் தலையை நான் திருப்புவதுபோலவே என் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் முயன்றாள். எனக்கு மெதுவாக விளங்கியது. அம்மா பேசவில்லை. அம்மாவின் மெஷின் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறாள். எட்டு மாதமாகப் பதினோரு மணிக்கெல்லாம் இவள் என்னைப் பற்றி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா? கடைசியில் வட்டத்தை ஒரு கையால் என் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நான் எழுந்து உட்கார, அவள் மறு கையால் பக்கத்தில் கிடந்த நெய் டப்பாவை என் பக்கம் தள்ளினாள், ஒரு பட்டனை எடுத்து என் விரலில் வைத்தாள், என் கையைத் தூக்கி என் காதோரம் கொண்டுபோனாள். பிறகு பனியன் துணி கட்டிய வளையத்தை எடுத்துத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். வளையத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கண்டிப்பான கண். நான் காலையில் அப்படித்தான் பார்க்கிறேன் போலிருக்கிறது.

"ஆ" என்றாள். கரகரவென்று, கொஞ்சம் நீளமாக. பட்டனை டப்பாவில் போட்டேன். தலையை ஆட்டினாள், அடுத்த பட்டனை எடுத்துக் கொடுத்தாள். "ஊ." போட்டேன். அவள் காதில் ஒன்றுமில்லை, தன் குரல்கூட அவளுக்குக் கேட்காது, காது முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது பட்டன். காதோரம் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது துணி அசைந்தது. வளையத்தின் நடுவே, வாய்க்கு நேராக, வெள்ளைத் துணி லேசாக உப்பி நடுங்கியது. பிறகுதான் காதுக்கு எட்டியது. ஷ். காற்று மாதிரி, ஆனால் காற்று இல்லை, நன்றாக நாக்கை மடித்துச் சொன்ன ஷ். என் கை காதோரத்திலேயே நின்றுவிட்டது. இந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் முகம் காட்டி அவளுக்குச் சொன்னதில்லை. இந்த வீட்டில் அவளை யாரும் உஷ் என்று அடக்கியதில்லை, அடக்க அவசியமும் இருந்ததில்லை. பெட்ஷீட், ஷாம்பு என்று வருகிற பேச்செல்லாம் அவளுக்கு நாய் குரைப்பதும் பஸ் போவதும் மாதிரிதான், ஷ் என்று தனியாகச் சொன்னதெல்லாம் இந்தத் துணிக்குப் பின்னாலிருந்துதான். பார்த்துக் கற்றிருக்க முடியாது. கேட்டிருக்கிறாள். தினமும் காலையில் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, பட்டனைக் காதோரம் பிடித்தபடி, இதோ இப்போது நான் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கிறாள். கேட்டும் கை நின்றுபோகும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மணி பதினொன்று முப்பத்தேழு. நாளைக்குக் கோட்டில் இந்த அரை மணி நேரமும் வரும். வரட்டும். மிஸ் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன், எட்டு மாதத்தையும் சொல்லிவிடுவேன், இதையும் சொல்வேன். நான் பட்டனைப் போடாததற்கு மிருதுளா கோபிக்கவில்லை. வட்டத்தை என் தலையில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். வளையத்தை நேராகப் பிடித்தாள். துணி மறுபடி நடுங்கியது, முன்னைவிட நீளமாக, பொறுமையாக, கேட்கும்வரை சொல்கிறவளாக. "கேட்டுச்சு சாமி" என்றேன். அது அவளுக்குக் கேட்காதே. பட்டனை டப்பாவில் போட்டேன்.